மாப்பிள்ளையின் வாயுவும் மண்டைக் காந்தமும்

இரண்டரை வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை 10.40. திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவமனை. முதல் மாடி. ஜன்னல் ஓரத்து அறை.

என் தங்கை ஆவுடையின் கணவர் கோமதிநாயகம், சலூன் நாற்காலி போன்ற ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காதிலும் அடைப்பான். தலையின் இடது பக்கம், நெற்றிக்குச் சற்று மேலே, எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது மாதிரி ஒரு கறுப்பு வளையம்.

டக்டக்டக்டக்... கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக்டக்டக்டக்...

எதிரே ஸ்டூலில் நான். மடியில் நோட்டு, கையில் பேனா. தட்டுவது எத்தனை விநாடி, நிற்பது எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு? ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கத்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். சங்கரன்கோவில் பக்கம் துணை மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மணிக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவதுதான் வேலை. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூடு எவ்வளவு... வேலை போய்விட்டது. வியாதி போகவில்லை. இன்றும் பால்காரர் வந்த நேரம் உட்பட எல்லாவற்றையும் டைரியில் எழுதுகிறேன்.

அதனால் கேட்கிறேன் — ஒரு மனிதனின் கவலையை, தலைக்கு வெளியே காந்தத்தை வைத்துத் தட்டிச் சரிபண்ண முடியும் என்றால், நீங்கள் நம்புவீர்களா?

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஏலம் விடும்போது அவர் குரல் மெயின் ரோடு வரை கேட்கும். ஒரு காயை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, மூக்கில் வைத்தால் போதும். பறித்து எத்தனை நாள், தோட்டத்தில் தண்ணீர் உண்டா இல்லையா... எல்லாம் சொல்லிவிடுவார். என்னைப் பார்த்தால், “என்ன மச்சான், இன்னைக்கு எத்தன தும்மல் தும்முனீரு? நோட்டுல ஏத்தியாச்சா?” என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், அந்தக் குரல் இறங்க ஆரம்பித்தது.

“வயித்துல கல்லு வச்ச மாதிரி இருக்கு மச்சான்” என்றார். சாப்பாடு பாதியானது. தூக்கம் போனது. நெஞ்சு படபடப்பு என்றார். ஏலத்தை வேறு ஆள் விட ஆரம்பித்தார்.

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம் — வாயு.

எங்கள் பக்கத்தில் வாயு என்பது பெரிய சௌகரியம். நெஞ்சு வலித்தால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் வாயு. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தோம். கேட்கவில்லை. வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை. நெஞ்சுக்கு ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில். “இருதயம் ஜம்முன்னு இருக்கு” என்றார் அந்த டாக்டர். மாப்பிள்ளை அதற்கும் சந்தோஷப்படவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

எங்கள் சங்கரன்கோவிலில் மனசுக்கென்றும் ஓர் இடம் உண்டு. அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் உள்ள சக்கரக் குழி. புத்தி சரியில்லை என்று வீட்டார் நினைக்கிறவர்களை அழைத்துவந்து அதில் உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளையும் மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துக் கேட்டால்? “வாயுவுக்கு ஒரு வேண்டுதல்” என்று சொல்லச் சொல்லி வைத்திருந்தோம். கோயில் புற்றுமண்ணைக் கரைத்து... ஆமாம், வயிற்றில்தான் பூசினோம்.

கடைசியில் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அவர் மகள் செண்பகம்தான் வந்து, இழுக்காத குறையாக மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ‘டிப்ரெஷன்’ என்றார் அந்த டாக்டரம்மா. மனச்சோர்வு. மாத்திரை கொடுத்தார். மாற்றிக் கொடுத்தார். பல மாதம் ஓடியது. பெரிய பலன் இல்லை. அப்புறம்தான் இந்தக் காந்த சிகிச்சை பற்றிப் பேசினார். மூளையில் ஓர் இடத்தை வெளியிலிருந்து தூண்டிவிடுவது. வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்கள்.

செண்பகம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பினாள். இந்தத் தூண்டலுக்கும் இருதயத்துக்கும் தொடர்பு இருக்கிறதாம். குடலுக்கும் இருக்கலாமாம்.

இங்கேதான் என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது.

மூளைக்கும் கேட்கும், நெஞ்சுக்கும் கேட்கும், வயிற்றுக்கும் கேட்கும்... இந்த வசனத்தை எங்கள் பஸ் ஸ்டாண்டில் எத்தனை வருடமாகக் கேட்கிறேன்? ஒரே தைலம். மூட்டுவலி, பல்வலி, முடி உதிர்வு மூன்றுக்கும். விற்பவர் தலையில் மட்டும் முடி இருக்காது.

கட்டுரையை பிரிண்ட் எடுத்தேன். ‘இருக்கலாம்’, ‘தோன்றுகிறது’, ‘கூடும்’ என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். பக்கமே சிவந்துபோனது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் முதல் நாள் கூடப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஐயா வாத்தியாரா இருந்தீங்களா?”

“இல்லம்மா. சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர்.”

“அப்ப நல்லதாப் போச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு கம்பிச்சுருள், காயில், இருக்கு. ஒண்ணுக்கொண்ணு தொடுதா?”

“தொடாது.”

“கரண்ட் போகுதா?”

“போகும்.”

“இதுவும் அதேதான். இந்தக் காயில்ல கரண்ட் மாறி மாறிப் போகும்போது காந்தப்புலம் வருது. அது மண்டையோட்டைத் தாண்டி உள்ளே சின்னதா ஒரு கரண்டை உண்டாக்குது.”

முப்பத்தைந்து வருடம் நான் நம்பிய விஷயம்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் நம்புகிறேன். ஆனால் மாப்பிள்ளையின் தலை அல்லவா இப்போது இரண்டாவது காயில்?

நான் விடவில்லை. “இது ஷாக் குடுக்கது இல்லையே?”

“இல்ல. அது வேற சிகிச்சை. இதுக்கு மயக்க ஊசி கிடையாது. முழிச்சுக்கிட்டே இருப்பாரு. தலைவலி வரலாம். வலிப்பு வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா வரலாம். அதனாலதான் தலைக்குள்ளே உலோகம் இருக்கா, பேஸ்மேக்கர் இருக்கா, முன்னாடி வலிப்பு உண்டான்னு அத்தனை கேள்வி கேட்டோம்.”

“நெஞ்சுக்கும் வயித்துக்கும் நல்லதுன்னு போட்டிருக்காங்களே?”

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“மூளையிலேர்ந்து கிளம்புற ஒரு பெரிய நரம்பு நெஞ்சுக்கும் போகுது, வயித்துக்கும் போகுது. வேகஸ்னு பேரு. மேலேர்ந்து கீழே மட்டும் இல்ல, கீழேர்ந்து மேலேயும் சேதி போகும். காந்தம் சரியான இடத்தைத் தொட்டா சில பேருக்கு நாடித்துடிப்பு லேசா குறையுது. அதை வச்சே இடத்தைக் கண்டுபிடிக்கலாமான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க. குடல் விஷயம் இன்னும் ஆரம்பத்துல இருக்கு. இதனால உங்க மாப்பிள்ளைக்கு வயிறு சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னா நம்பாதீங்க. இது டிப்ரெஷனுக்குத்தான். அதுவும் எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல.”

‘எல்லாருக்கும் கேட்காது’ — நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். எதிராளி தானே கொடுத்த சாட்சி. விடலாமா?

பிறகு சிகிச்சை. எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று பார்க்க, முதலில் தலையில் வேறோர் இடத்தில் காயிலை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். மடியில் சும்மா கிடந்த மாப்பிள்ளையின் வலது கைக் கட்டைவிரல் சட்டென்று துள்ளியது. அவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். தன் விரல்தானா என்று பார்ப்பது போல.

முடிந்து வெளியே வந்தபோது கேட்டேன். “எப்படி இருந்துச்சு மாப்ள?”

“யாரோ வாசக்கதவத் தட்டுத மாதிரி இருந்துச்சு மச்சான்.” கொஞ்ச தூரம் நடந்து சொன்னார், “உள்ளதான் ஆள் இல்ல.”

அதையும் எழுதிக்கொண்டேன். 11.35.

திரும்பும்போது பஸ்ஸில், எங்கள் தெரு மளிகைக்கடை சுடலை அண்ணாச்சி. சரக்கு வாங்கப் போய்விட்டு வருகிறார்.

“என்ன, மச்சானும் மாப்பிள்ளையும் சோடியா எங்கன போயிட்டு வாரீய?”

நான் முந்திக்கொண்டேன். “வாயுவுக்குக் காமிக்க வந்தோம் அண்ணாச்சி.”

“வாயுவுக்கா திருநவேலி வரைக்கும்? நல்ல கத. பெருங்காயத்தப் பொரிச்சு மோருல போட்டுக் குடிங்கவே. மூணே நாளு.” பனவடலிசத்திரம் வரைக்கும் பெருங்காயம் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எது கட்டி, எது தூள், எதில் மைதா கலப்பார்கள்... மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மறுநாளிலிருந்து ஆவுடை அவரைக் கூட்டிப்போனாள். நான் சங்கரன்கோவிலில் இருந்தபடி ஓர் ஏற்பாடு செய்தேன். தனி நோட்டு. நான்கு கட்டம் — வாயு, சாப்பாடு, தூக்கம், நெஞ்சு. தினமும் சாயங்காலம் ஏழரைக்கு மாப்பிள்ளைக்கு போன் போட்டுக் கேட்டு எழுதுவது. சில வாரம் கழித்து டாக்டரம்மா முன்னால் நோட்டை விரித்துப் போட்டு, “பாருங்கம்மா, ஒரு மாற்றமும் இல்லை” என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

போனில் பேச்சு இப்படிப் போகும்.

“வாயு எப்படி மாப்ள?”

“இருக்கு.”

“சாப்பாடு?”

“அரைதான்.”

“தூக்கம்?”

“இல்ல.”

“நெஞ்சு?”

“அதே மாதிரிதான்.”

“ம்... நான்தான் சொன்னேனே” என்பேன். வைத்துவிடுவேன்.

கவனித்தீர்களா? ‘நான்தான் சொன்னேனே’. தினமும் சொல்லியிருக்கிறேன். சிகிச்சைக்குப் போய்வந்து களைத்துக் கிடக்கும் மனிதனுக்கு, என் கையால், தினம் ஒரு வேளை.

எட்டாவது தடவை போய்வந்த புதன்கிழமை. சாயங்காலம் ஆறே காலுக்கு ஆவுடை போன் செய்தாள். என் தங்கை எளிதில் குரல் உடைகிறவள் இல்லை.

“அண்ணே, அவுக நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லுதாவ. ‘மச்சானே பிரயோசனம் இல்லங்காரு, பொறவு எதுக்குப் போய்க்கிட்டு’ன்னு சொல்லுதாவ.”

“சரி, ரெண்டு நாள் ஓய்வா இருக்கட்டுமே...”

“அது இல்லண்ணே. மண்டிச் சாவிய எடுத்து எங்கையில குடுத்துட்டாவ. ‘இனிமே நீயே வச்சிக்கோ. எல்லாம் பழகிக்கோ’ன்னு சொல்லுதாவ. எதுக்கு அப்படிச் சொல்லணும்? எனக்குப் பயமா இருக்கு.”

இருபத்தெட்டு வருடமாக இடுப்பிலிருந்து இறங்காத சாவி அது. குளிக்கப் போனாலும் கூடவே போகும்.

“மச்சான் போகச் சொன்னா போறேன், வேண்டாம்னா விட்டுருதேன்னு இருக்காவ. நீ என்ன சொல்லுத?”

‘நாளைக்குக் காலையில சொல்லுதேன். அதுவரைக்கும் அவர விட்டு நகராத’ என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும் — ஆதாரம் இல்லாமல் பேசமாட்டேன். சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும். வேண்டும் என்று சொல்வதற்கும் வேண்டும்.

பக்கத்தைப் பார்த்தேன். இருக்கு, அரை, இல்லை, அதே. இருக்கு, அரை, இல்லை, அதே. மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி. அச்சடித்த மாதிரி.

எனக்குள் பழைய ஆபரேட்டர் லேசாக இருமினான்.

எங்கள் வேலையில் ஒரு ரகசியம் உண்டு. மழை கொட்டும்போது யார்டுக்குள் நடந்துபோய், ட்ரான்ஸ்ஃபார்மரில் உள்ள வெப்பமானியை எட்டிப் பார்ப்பது சிரமம். சேறு. வழுக்கும். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே, மேல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே கீழ் வரியில் எழுதிவிடுகிற ஆசை வரும். நானும் இளமையில் எழுதியிருக்கிறேன். என் சீனியர் ஒருவர், லாக் ஷீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். “எட்டு மணி நேரமா ஒரே சூடுன்னா, நீரு எந்திரிச்சே போகலன்னு அர்த்தம். உசிரோட இருக்க மெசின் ஒரே மாதிரி இருக்காதுவே.”

நான் என் வழக்கமான டைரியையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

டைரியில் என் கையெழுத்து: ‘7.30 — மாப்பிள்ளைக்கு போன். எடுக்கவில்லை. ஆவுடையும் எடுக்கவில்லை. எங்காவது போயிருப்பார்கள்.’

நோட்டில், அதே ஞாயிறு, அதே என் கையெழுத்து: ‘வாயு — இருக்கு. சாப்பாடு — அரை. தூக்கம் — இல்லை. நெஞ்சு — அதே.’

யாரிடம் கேட்டு எழுதினேன்?

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று. டாக்டரம்மாவை, மெஷினை, கட்டுரை எழுதியவரை, அதை அனுப்பிய மருமகள் செண்பகத்தை... சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆள், சிவப்புப் பேனாவும் கையுமாக இங்கே உட்கார்ந்திருந்தான்.

9.15 பஸ்ஸில் புளியங்குடிக்குக் கிளம்பினேன். மீட்டரைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும்.

மண்டிக்குப் பின்னால் வீடு. எலுமிச்சை வாசம் அடிக்கிற நடு அறையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். நான் வந்ததைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார். “வாயு இருக்கு மச்சான். சாப்பாடு அரைதான். தூக்கம்...”

“வாயுவ விடும் மாப்ள” என்றேன். “உமக்கு எப்படி இருக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். புரியாத பாஷையில் கேட்டுவிட்ட மாதிரி.

“உமக்குன்னா?”

“உமக்குத்தான். வயித்துக்கு இல்ல.”

மண்டியில் யாரோ ஏலம் விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார், “ரெண்டு வருசமா எல்லாரும் வயித்தத்தான கேக்கிய. அதுவும் பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எங்கிட்ட யாரும் கேக்கலியே மச்சான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதுவதற்கு அன்று நோட்டு கொண்டுபோகவில்லை. நல்லவேளை.

“சாவிய எதுக்குக் குடுத்தீரு?” என்று நேராகக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியவில்லை. ஆவுடை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காலையில முழிச்சதும், ஏன் முழிச்சோம்னு இருக்கும். நான் இல்லன்னா இதுக நிம்மதியா இருக்கும்னு ஒரு நெனப்பு. அது பாட்டுக்கு ஓடும். வாயுன்னு சொல்லிட்டா, யாரும் மேல கேக்கமாட்டாங்க.”

ஆவுடை அழவில்லை. வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நிம்மதியா இருப்பேன்னு ஒமக்கு யாரு சொன்னா?” என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு கோபமாக ஓர் அன்பை நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் என்னிடம் சொன்னாள். “அண்ணே, ஒண்ணு சொன்னா நம்புவியோ மாட்டியோ. முந்தாநாளு அவுகளாவே இன்னும் ஒரு இட்லி கேட்டாவ. நேத்து காலையில ஒரு காய எடுத்து மோந்து பாத்து, ‘இது நாலு நாளு காய், இன்னைக்குப் பறிச்சதுன்னு சொல்லி ஏமாத்துதான்’னாவ.”

“எங்கிட்ட சொல்லலியே?”

“நீ கேட்டாத்தான. நீ வாயு எப்படின்னு கேட்டுட்டு வச்சிருத.”

இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இட்லியையும் நான் சந்தேகப்பட்டேன். எட்டு தடவை போனதில் இட்லி ஏறுமா? மாத்திரையும் சாப்பிடுகிறார்... தினமும் பஸ்ஸில் வெளியே போய்வருவதே ஒரு மருந்தாக இருக்கலாம். அன்றைக்குச் சட்னி நன்றாக இருந்திருக்கலாம். காயை மோந்ததும் முப்பது வருடப் பழக்கம்தான், வேறில்லை என்றும் சொல்லலாம். இட்லி கேட்ட மறுநாள் சாவியைக் கொடுத்திருக்கிறாரே... அதை என்ன செய்வது?

ஆனால் என் நோட்டு சொன்ன ‘மாற்றமே இல்லை’ பொய். அது மட்டும் நிச்சயம். யார்டுக்குள் இறங்காமல் எழுதிய ரீடிங். அதை நம்பி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை நிறுத்தச் சொன்னால், அந்த ஆபரேட்டரை என்ன செய்வார்கள்?

“மாப்ள” என்றேன். “இந்த மெசின் மேல எனக்கு இன்னும் சந்தேகம் தீரல. உமக்குக் கேக்கலாம், கேக்காமலும் போகலாம். அந்தம்மாவே அப்படித்தான் சொல்லுது. ஆனா நான் சொன்னத வச்சு நிறுத்தாதீரும். நான் எழுதுனது சரியில்ல.”

“நீரா?” அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. “நோட்டுல தப்பா?”

“தப்புதான்.”

“எந்த நாளு?”

“ஞாயித்துக்கெழம. நீரு போன எடுக்கல. நானா எழுதிட்டேன்.”

மாப்பிள்ளை ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை அவரைப் பார்த்தாள். “அடப் பாவி மனுசா” என்றார். சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. இரண்டு வருடத்தில் நான் பார்த்த முதல் காற்று.

“நாளைக்குக் கெளம்பும். நான் கூட வாரேன்” என்றேன். “சாவி ஆவுடைகிட்டயே கொஞ்ச நாளு இருக்கட்டும். நீரு சொன்னத டாக்டரம்மாகிட்ட நானே சொல்லுவேன். மறைக்க மாட்டேன்.”

“சொல்லும்” என்றார்.

வெள்ளிக்கிழமை சொன்னோம். டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாக நெடுநேரம் பேசினார். மாத்திரையை மாற்றினார். சில வாரத்துக்கு அவரைத் தனியாக விட வேண்டாம் என்றார். “இதை முதல்லயே சொல்லியிருக்கணும் ஐயா” என்றார் என்னிடம். “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். எவ்வளவு பெரிய டைரி வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில், பாருங்கள், மறுபடியும் சுடலை அண்ணாச்சி. வெள்ளிக்கிழமையும் அவருக்குச் சரக்கு நாளாம். எங்களுக்கு முன் சீட்டில் இடம் பிடித்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன மாப்பிள்ள, பெருங்காயம் கேட்டுச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார், “வாயு இல்ல அண்ணாச்சி. மனசு. மண்டையில காந்தத்த வச்சுத் தட்டுதாங்க.”

அண்ணாச்சி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பனவடலிசத்திரம் தாண்டியது. ஒரு வார்த்தை இல்லை. போச்சு, நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஊருக்குச் சற்று முன்னால், அவர் முகத்தைத் திருப்பாமலே, சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்த ஆசுபத்திரி எந்தப் பக்கம்?”

சொன்னேன்.

“எனக்கு இல்ல. என் மச்சினிக்கு. ரெண்டு வருசமா சரியா சாப்பிடல. நாங்களும் வாயுன்னுதான்...” அதற்கு மேல் சொல்லவில்லை. இறங்கும்போது மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் எத்தனை வயிறு எத்தனை மனசுக்குப் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறதோ? மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கம்பி போகிறது என்று இப்போது ஆராய்ச்சி செய்கிறார்களாம். செய்யட்டும். அந்தக் கம்பியில் சேதி கீழே மட்டுமே போக வேண்டும் என்று நாங்கள் ரொம்ப நாளாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

இதை எழுதும் வியாழக்கிழமை வரை பதின்மூன்று தடவை முடிந்திருக்கிறது. குணமாகிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். இந்தத் திங்கட்கிழமை நல்ல நாள். செவ்வாய் மோசம் — பஸ்ஸில் போகவர ஒரு வார்த்தை பேசவில்லை. புதன் சுமார். சாவி இன்னும் ஆவுடையிடம்தான் இருக்கிறது. சாப்பாடு ஒரு நாள் முக்கால், ஒரு நாள் கால். வரிக்கு வரி மாறுகிறது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மெஷின் மீது சந்தேகம்? இருக்கிறது. அடுத்த மாதமும் இருக்கும். டாக்டரம்மாவிடம் இன்னும் ஏழு கேள்வி பாக்கி வைத்திருக்கிறேன். அவரும் ‘தெரியாது’ என்பதற்குத் தெரியாது என்றே பதில் சொல்கிறார். அதனால் கேட்பதற்குத் தைரியம் வருகிறது.

நோட்டை மட்டும் மாப்பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன். அவர் மீட்டரை அவரே போய்ப் பார்த்து எழுதட்டும் என்று. முதல் ஐந்து நாள் வெறும் பக்கம். நான் கேட்கவில்லை. வெறும் பக்கமும் ஒரு ரீடிங்தான்.

நேற்று பஸ்ஸில் அதை என் மடியில் போட்டார். பழைய நான்கு கட்டங்களில் மூன்றை அடித்திருந்தார். மிச்சம் இருந்த ஒன்றில், எலுமிச்சைச் சிட்டையில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி:

‘வாயு — மச்சானுக்குத்தான் இருக்கு.’